உன் தங்கை எழுதிய நாற்பது வரி

முரளிக்கு உன் அம்மா எழுதுவது. ‘அன்புள்ள’ என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. கவரையும் ஒட்டாமலேயே அனுப்பப் போகிறேன். வழியில் தபால்காரர் படித்தாலும் சரி, பெங்களூரில் உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகள் படித்தாலும் சரி. எழுதியதை ஒளிக்கக் கூடாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம், அதுதான் எங்கள் வேலையின் தர்மம் என்று எத்தனை நாள் எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய்! அந்தத் தர்மத்தில் உன் அம்மாவும் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன்.

நேற்று எதிர்வீட்டு போனில் கூப்பிட்டு, “வர்ற ஞாயித்துக்கிழம ராத்திரி பிளைட்டும்மா. நீயும் நைனாவும் சென்னை ஏர்போர்ட்டுக்கு வந்துடுங்க, மஞ்சுவையும் இட்டுக்கினு வாங்க” என்றாய். ‘பாக்கலாம்டா’ என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் தப்பித்தாய். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் வரமாட்டேன். நீ வெளிநாடு போவதில் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் மகன், சத்துணவில் சோறு வடிக்கிறவள் மகன், ஏரோப்ளேன் ஏறுகிறான் என்றால் யாருக்குத்தான் மனம் குளிராது? ஆனால் நீ உன் தங்கை மஞ்சு தலையில் கால் வைத்து ஏறுகிறாய். அதைப் பார்த்து என்னால் கையாட்ட முடியாது.

கவர் திறந்து வருவதால் விவரம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரியே எழுதுகிறேன், நீ பல்லைக் கடித்துக்கொண்டு படி. லினக்ஸ் என்று கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒரு இனாம் சிஸ்டம் இருக்கிறது, நீ அதில் ஓடுகிற மெயில் சர்வருக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவன். மெயில் சர்வர் என்றால் தபாலாபீஸ் மாதிரி என்று நீதான் எனக்குச் சொன்னாய். ஒருத்தர் அனுப்புகிற கடிதத்தை வாங்கி, பத்திரமாக வைத்து, உரியவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கிற மிஷின். அதற்குள் ஓடுகிற ப்ரோக்ராமை உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காதவர்கள், சேர்ந்து எழுதுகிறீர்கள். முதலாளி கிடையாது, சம்பளம் கிடையாது, எழுதியதை ஊருக்கே இனாமாகக் கொடுத்துவிடுகிறீர்கள். யார் எதை எழுதினார்கள் என்று மட்டும் ஒரு பட்டியலில் பெயர் ஏறும். அவ்வளவுதான் அதில் கிடைப்பது.

இதையெல்லாம் நீ படித்தது உத்திரமேரூர் பஜாரில் காதர் பாய் வைத்திருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில். டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கப் போனாய். ஏதோ பத்திரிகையோடு ஒட்டி வந்த சிடியில் லினக்ஸ் இருந்தது, அதை ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டாய், அதிலேயே குடியிருந்தாய். மஞ்சு காஞ்சிபுரம் காலேஜிலிருந்து மாகறல் வழி பஸ்ஸில் வந்து நாலு மணிக்கு இறங்குவாள். நம்மூருக்கு அடுத்த பஸ் வருகிற வரைக்கும் ரோட்டில் நிற்க வேண்டாமே என்று சென்டரில் உட்கார்ந்திருக்கச் சொன்னது நான்தான். ஒரு மாதம் நீ சொல்லிக்கொடுத்தாய். அதற்கப்புறம் அவள் கேட்கிற கேள்விக்கு உன்னிடம் பதில் இல்லை, “போய் புஸ்தகத்தப் பாரு, பேஜார் பண்ணாத” என்று எரிந்து விழுவாய். அவளும் போய்ப் புத்தகத்தைப் பார்த்தாள். அதுதானே இப்போது வந்த வினை.

நம்ம ஊர் கரண்ட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்க்காரர்களுக்கு வருகிற மெயிலுக்காக அந்த ப்ரோக்ராமைப் பாய் கடையில்தான் ஓட்டினாய், அங்கே பேட்டரியோ செத்துப்போய் வருஷக்கணக்கு. கரண்ட் போய் வந்தால் நாலைந்து கடிதம் காணாமல் போகும். அனுப்பினவரைக் கேட்டால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் மிஷின் சொல்லும், இங்கே பார்த்தால் இருக்காது. நீ என்ன சொன்னாய்? “கரண்ட் போனா மெயிலும் போவும், அதுக்கு நா இன்னா பண்றது?” என்றாய். கூட எழுதுகிற வெளிநாட்டுக்காரர்களைக் கேட்டாய், நல்ல பேட்டரி வாங்கி வையுங்கள் என்று அவர்களும் கைகழுவினார்கள். கரண்ட் போகாத ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எப்படித் தெரியும்? மஞ்சுதான் விடவில்லை. ஒருநாள் என்னிடம் வந்து சொன்னாள்: “இது மொதல்லயே ‘வந்துடுச்சி’ன்னு சொல்லிடுதும்மா. அப்புறமா சாவகாசமா எழுதி வெக்குது. நடுவுல கரண்ட் போச்சுன்னா? வாங்கி வெக்காத பொருளுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறாப்பல கீது.” எனக்கே புரிந்தது அது. முதலில் கடிதத்தை டிஸ்கில் கெட்டியாக எழுத வேண்டும், எழுதிய பிறகுதான் ‘வந்தது’ என்று சொல்ல வேண்டும். இதற்காக அவள் எழுதியது நாற்பது வரி.

அதற்கு நானே சாட்சி. நீ சிநேகிதன் கல்யாணம் என்று செங்கல்பட்டு போயிருந்த ஞாயிற்றுக்கிழமை. மஞ்சுவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன். “யம்மா, நல்ல சமயத்துல வந்த. அந்த மெயின் சுவிட்ச எறக்கு, நா சொல்றப்போ ஏத்து” என்றாள். இறக்கினேன், ஏற்றினேன். இறக்கினேன், ஏற்றினேன். காதர் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “யம்மாடி, எல்லா பொட்டியும் பொட்டுனு பூடப்போவுது, போதும் வுட்டுடுங்க” என்று கத்தினார். முப்பது தடவைக்கு மேல் இறக்கியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் மிஷின் எழுந்து வந்ததும் ஓடிப்போய்க் கடிதங்களை எண்ணுவாள். ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தச் சோற்றை அவள் சாயங்காலம்தான் தின்றாள். அப்போது நீ செங்கல்பட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தாய். ஆகவே அந்த நாற்பது வரியை யார் எழுதினது என்பதில் என்னிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

இனி என் தப்புக்கு வருகிறேன். மறைக்கப் போவதில்லை. அந்த நாற்பது வரியை ப்ரோக்ராம்காரர்களுக்கு அனுப்புகிற நாளில் மஞ்சு என்னிடம் வந்து நின்றாள். “யம்மா, என் பேர்ல அனுப்பட்டுமா?” என்று கேட்டாள். கேட்காமலே அனுப்பியிருக்கலாம், கேட்டாள். அந்த வருஷம்தான் கீழத்தெருப் பெண் ஒருத்தியின் பெயரை எவனோ பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதி வைத்து, பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பாதி வழியிலேயே திரும்பிப் போனார்கள். அந்தப் பயம் எனக்கு இருந்தது. உலகம் பூராவும் ஆம்பிளைகள் படிக்கிற இடத்தில் என் மகள் பெயர், ஊர், விலாசம் எல்லாம் போவதா என்று நினைத்தேன். “பொம்பளப் புள்ள பேரு ஊரூரா சுத்தக்கூடாது. அண்ணன் பேர்ல அனுப்பு” என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன், பார்த்தும் அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். நான் பத்தாவதுதான் படித்தேன், பயந்தேன். நீ அப்போது பக்கத்தில் நின்றாய். அது சுவர் இல்லை, அங்கே பெயர் ஏறுவது அவமானம் இல்லை, பெருமை என்று உனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை எனக்கு எடுத்துச் சொன்னாயா? “அம்மா சொல்றதுதான் சரி” என்றாய். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா சொல்கிற எதைத்தான் அதற்கு முன்னால் நீ சரி என்றிருக்கிறாய்?

பேருக்கு இருக்கிற மதிப்பு உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. அதற்கு முந்தின வருஷம் அந்த ப்ரோக்ராம் திரையில் காட்டுகிற செய்திகளையெல்லாம் நீ தமிழில் எழுதிக் கொடுத்தாய். பட்டியலில் உன் பெயரை எவனோ விட்டுவிட்டான். ரெண்டு நாள் நீ ஆடின ஆட்டம் இந்தத் தெருவுக்கே தெரியும். தட்டைத் தள்ளிவிட்டாய். என்னடா, காசா பணமா, ஒரு பேருக்குப் போய் இப்படியா என்று கேட்டதற்கு, “இதுல கூலி கெடையாதும்மா. பேர் ஒண்ணுதான் கூலி. அதையும் புடுங்கிக்கினா மனுசன் இன்னாத்துக்கு ஒழைக்கணும்?” என்று என்மேல் பாய்ந்தாய். அவர்களுக்கு நாலு வரி எழுதிப் போட்டாய். மறுநாளே மன்னிப்புக் கேட்டு உன் பெயரைச் சேர்த்தார்கள். நாலு வரி, ஒரு நாள். உனக்கு அவ்வளவுதான் வேலை.

அந்த நாற்பது வரி உன் பெயரில் போன பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். எங்கெங்கிருந்தோ பாராட்டி எழுதினார்கள். பெங்களூர் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் உன்னைக் கூப்பிட்டார்கள், வேலை கொடுத்தார்கள். நீ முதல் தடவை லீவில் வந்தபோது நான் தெருவெல்லாம் லட்டு கொடுத்து, “வெள்ளக்காரனால முடியாதத எம்புள்ள பண்ணிட்டான்” என்று வாய் கிழியச் சொல்லிக்கொண்டு வந்தேன். மஞ்சு குழாயடியில் குடத்தோடு நின்றாள். எனக்குத் தெரியும், முரளி. சுவிட்சை இறக்கின கை இதுதான், எனக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தே சொன்னேன். சொல்லச் சொல்ல அதுவே நிஜம் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ‘உனக்குச் சந்தோஷம்னா சொல்லிக்கோ’ என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம். நான் செய்தது அநியாயம். அவள் காலேஜ் போய் வந்த கையோடு உனக்கு வருகிற கேள்விகளுக்கெல்லாம் பாய் கடையில் உட்கார்ந்து பதில் தேடிக் கொடுத்தாள், அதுவும் உன் பெயரிலேயே போயிற்று. கொஞ்ச நாளில் அந்த ப்ரோக்ராமுக்கே உன்னைக் காவலாக வைத்தார்கள். யார் எதை எழுதி அனுப்பினாலும் நீ பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே சேரும்.

போன தை மாதம் மஞ்சு சென்னைக்கு இண்டர்வியூவுக்குப் போனாளே, அது உனக்கு நினைவிருக்கும். ‘நீ என்ன செய்திருக்கிறாய்’ என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். வேறு எதைச் சொல்வாள்? அந்த நாற்பது வரியைச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு வரியும் எதற்கு என்று விளக்கியிருக்கிறாள். அந்த ஆள் அங்கேயே கம்ப்யூட்டரைத் திறந்து பட்டியலைக் காட்டி, “இதில் ஒரு ஆண் பெயர் அல்லவா இருக்கிறது? உங்கள் அண்ணனா? அண்ணன் எழுதியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தீர்களா?” என்று கேட்டாராம். எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். “என்னத் திருடின்னு நெனச்சிக்கினாங்கம்மா” என்றாள். உன் நைனா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பீடியைப் பற்ற வைத்தார், மூன்று குச்சி வீணானது.

உடனே எஸ்டிடி பூத்துக்கு ஓடிப்போய் உனக்குப் போன் பண்ணினேன். நீ துடித்துப்போவாய் என்று நினைத்தேன். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? “யார் பேர்ல இருந்தா இன்னாம்மா, எல்லாம் நம்ம வூட்டுப் பேரு தானே. இப்பப் போய் அதக் கிளறாதீங்க. வெளிநாட்டு வேல அத வெச்சித்தான் பேசிக்கினு கீறாங்க. அவளுக்கு வேற எடத்துல நா சொல்றேன்” என்றாய். நம்ம வீட்டுப் பேரா? உன் பெயரை விட்டபோது மட்டும் அது நம்ம வீட்டுப் பேராக இல்லையே, தட்டு பறந்ததே! உப்புப் போட்டுத்தானே உனக்கும் சோறு போட்டேன்? அவளுக்கு நீ சிபாரிசு பண்ணப் போகிறாயாமே. அவள் வேலையை வைத்து நீ பெரிய ஆள் ஆவாய், பெரிய ஆளாகி அவளுக்கு ஒரு வேலை பிச்சை போடுவாய். நான் பூத்தில் கண்ணாடிக் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அதற்கு அந்தப் பூத்துக்காரரிடம் திட்டு வாங்கியதும் நான்தான்.

அதோடு விட்டிருந்தாலும் நான் வயிறெரிந்துகொண்டு வாய்மூடிக் கிடந்திருப்பேன். போன மாதம் ராஜகுளத்து நர்ஸ் பெண் ஒருத்தி காதர் பாய் கடையில் வந்து அழுதாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு வர வேண்டிய கடிதம் வரவில்லை, அனுப்பிவிட்டோம் என்று அவர்கள் சாதிக்கிறார்கள், பதில் சொல்ல வேண்டிய கெடு தாண்டுகிறது. அன்று நடுவில் கரண்ட் போயிருந்தது. மஞ்சு ரெண்டு நாள் தோண்டினாள். கடிதம் முழுசாக டிஸ்கில் இருந்தது. ஆனால் எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்று மிஷின் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்குமாம், அதில் இந்தக் கடிதத்தின் பெயர் ஏறுவதற்குள் கரண்ட் போய்விட்டது. பட்டியலில் இல்லாததால் அப்படி ஒன்று வரவேயில்லை என்று மிஷின் சொல்லிவிட்டது. எப்போதாவது ஒரு தடவைதான் அப்படி ஆகுமாம், அதனால்தான் நான் அத்தனை தடவை சுவிட்சை இறக்கியும் அன்றைக்கு மாட்டவில்லை. நர்ஸ் பெண்ணின் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள், அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். மஞ்சுவுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. “என் தப்புதாம்மா. கடிதாசிய எழுதச் சொன்னேன், பட்டியல எழுதச் சொல்லாம வுட்டுட்டேன். எத்தினி ஊர்ல எத்தினி பேருக்கு இப்பிடிப் போயிருக்கும்?” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றே நாளில் அதைச் சரிபண்ணினாள். எல்லாரும் படிக்கிற இடத்தில் போடாமல், அண்ணன் மானம் போகக் கூடாது என்று காவலாளியான உனக்கு மட்டும் அனுப்பினாள். மேலே ரெண்டு வரி எழுதியிருந்தாள்: ‘முன்பு கரண்ட் போவதற்காகச் செய்த திருத்தம் நான் எழுதியது. அதில் நான் விட்ட தப்பை இதில் சரிசெய்திருக்கிறேன்.’ கீழே அவள் பெயர். மூன்று வாரமாயிற்று. நீ என்ன பதில் போட்டாய் என்று அவள் சொல்லவில்லை, பாய் கடையில் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘மேலே இருக்கிற ரெண்டு வரியை எடுத்துவிட்டு அனுப்பு, சேர்த்துக்கொள்கிறேன். கிளம்புகிற நேரத்தில் எனக்குச் சங்கடம் வேண்டாம்.’ அவள் எடுக்க மாட்டேன் என்கிறாள். நீ சேர்க்க மாட்டேன் என்கிறாய். இதற்குள் எங்கெங்கே கரண்ட் போகிறதோ அங்கெல்லாம் எவர் எவர் கடிதமோ போய்க்கொண்டிருக்கிறது. இதுதான் நீ கற்ற தர்மமா? தப்பு என்று தெரிந்தும் உன் மரியாதைக்காக அதை மூடி வைத்திருக்கிறாயே, உன்னை நம்பியா காவலுக்கு வைத்தார்கள்?

உன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். போகலாம், போகாமலும் இருக்கலாம். நீயும் கையில் தொழில் இல்லாதவன் இல்லை. உன் பெயரில் உள்ள மற்றதெல்லாம் நீ எழுதியதுதான், அதை யாரும் பிடுங்க வரவில்லை. அப்படியே போனால் வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன், திட்டிக்கொண்டேதான் போடுவேன். அந்த நாற்பது வரி மஞ்சுவுடையது என்று அவர்களுக்கு எழுது, நான் செய்ததையும் சேர்த்து எழுது. ‘அம்மா பயந்து வேண்டாம் என்றாள், நான் வாயை மூடிக்கொண்டேன்’ என்று எழுது. என்னைப் பட்டிக்காட்டுப் பொம்பளை என்று உன் சிநேகிதர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், உண்மைதானே அது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அன்றைக்கு மஞ்சுவோடு நானும் உன் நைனாவும் பாய் கடைக்குப் போவோம். அந்த ரெண்டு வரியோடு நீ சேர்த்திருந்தால் அங்கிருந்தே பஸ் ஏறி ஏர்போர்ட்டுக்கு வருகிறோம், மூன்று பேரும். சேர்க்கவில்லை என்றால் உனக்கு அனுப்பிய அந்தத் திருத்தத்தை அப்படியே எல்லாரும் படிக்கிற இடத்துக்கு அனுப்பு என்று மஞ்சுவிடம் சொல்லப் போகிறேன். முன்னால் அவள் பெயரில் அனுப்பாதே என்று தடுத்ததும் இதே வாய்தான். “வாணாம்மா, அண்ணன் கெளம்புற நேரத்துல” என்று அவள் இப்போதும் உனக்காகத்தான் கெஞ்சுகிறாள். உன் வேலையை அவள் கேட்கவில்லை. உனக்கு வந்த பாராட்டில் பங்கு கேட்கவில்லை. அந்த நாற்பது வரியில் ஒரு தப்பு இருக்கிறது, அது என் தப்பு என்று சொல்ல விடுங்கள் என்கிறாள். தன் தப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள, மூன்று வாரமாக உன் வாசலில் நிற்கிறாளடா என் மகள்.